ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்த துண்டறிக்கை: மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

நான் கூட்டுறவு வங்கியொன்றில் கணக்கர். ஊர் திருச்சிக்கு மேற்கே, காவிரிக் கரையில். மூத்தவன் 2009-ல் பிறந்தான், இளையவள் 2013 ஜனவரியில். இளையவள் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, உங்களில் ஒருவருடைய மருத்துவமனையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சேர்த்து ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். முழுக்க ஆறவில்லை, ஆனாலும் இப்போது கணக்காகப் பேச முடியும் என்று தோன்றுகிறது.

வழவழப்பான தாள். பிஞ்சுப் பாதத்தின் படம். உள்ளே இரண்டு பத்தியாக நோய்களின் பட்டியல். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் 80-க்கும் மேற்பட்ட நோய்களுக்குப் பாதுகாப்பு என்று போட்டிருந்தது. பட்டியலில் ரத்தப் புற்றுநோய் இருந்தது, ரத்தம் சரியாக உண்டாகாத பிறவி நோயான தலசீமியா இருந்தது. அடுத்த பத்தியில் பொடி எழுத்தில் "ஆய்வில் உள்ளவை" என்ற தலைப்பின் கீழ் ஆட்டிசம், சர்க்கரை, மூளை முடக்குவாதம். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வேலை பார்க்கும் நானே படிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கொடி ரத்தத்தைச் சேமித்துவைக்கும் அந்த நிறுவனத்திலிருந்து போன் வந்தது. எங்கள் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. வளைகாப்பு நடந்த வாரத்தில் டை கட்டிய இளைஞர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். "சார், நீங்க பேங்க்ல இருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இது உங்க பாப்பாவுக்கு ஒரு எஃப்.டி. மாதிரி" என்றார். கொடியில் மிஞ்சும் ரத்தத்தில் குருத்தணுக்கள் இருக்கின்றன, அவைதான் ஸ்டெம் செல், அவற்றிலிருந்துதான் புது ரத்தம் உண்டாகிறது, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் 21 வருஷம் வைத்திருப்போம் என்று விளக்கினார். அதுவரை சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு என் அம்மா பக்கம் திரும்பினார். "அந்தக் காலத்துல தொப்புள்கொடியைத் தாயத்துல அடைச்சு இடுப்புல கட்டுனாங்களே, ஏன் பாட்டி? பிள்ளைக்குப் பெரிய நோய் வந்தா அதை அரைச்சுக் கொடுக்கத்தான். நம்ம முன்னோர்களுக்கு ஸ்டெம் செல் அப்பவே தெரியும்!" அதுவரை இதெல்லாம் வீண் செலவு என்று முனகிக்கொண்டிருந்த அம்மா அந்த நொடியில் கட்சி மாறிவிட்டார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, என் அரைஞாண் கயிற்றில் இருந்த வெள்ளித் தாயத்தை எடுத்துவந்து காட்டினார். இதே கதை பின்னாளில் வாட்ஸ்அப்பில் எனக்கே நூறு முறை வந்தது. காய்ந்து உதிர்ந்த கொடியில் உயிருள்ள அணு ஒன்றுகூட மிஞ்சாது. மிஞ்சும் என்றால் திரவ நைட்ரஜன் தொட்டி எதற்கு என்று அந்தப் பையனிடம் அப்போதே கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

அறுபதாயிரத்துச் சொச்சம், தவணையில். கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். பையனின் பேச்சுக்காகப் போடவில்லை. அந்தத் தாள் டாக்டரம்மாவின் மேசையிலிருந்து வந்தது, அதற்காகப் போட்டேன். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தையும் சிபாரிசு செய்யவில்லை. செய்யத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு டாக்டரம்மா கொடுத்தது எதுவானாலும் அது மருந்துதான்.

ஏழாவது மாதத்தில் குழந்தை வெளுக்க ஆரம்பித்தாள். நல்ல நிறம் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். பால் குடிக்க மறுத்தாள், வயிறு மட்டும் உப்பியது. திருச்சியில் குழந்தை மருத்துவர் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஹீமோகுளோபின் 5. ஹெச்பிஎல்சி என்ற பரிசோதனையில் தலசீமியா மேஜர், அதாவது நோயின் கடுமையான வகை என்று வந்தது. எங்கள் இருவருக்கும் பார்த்தார்கள். இருவருமே தலசீமியா மைனர். எங்கள் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாமல் பழுதுபட்ட மரபணு ஒன்றை ஆளுக்கொரு பங்கு வைத்திருந்தோம். மனைவி என் அத்தை மகள். பாட்டியிடமிருந்து இரண்டு கிளையாக இறங்கிய பழுது எங்கள் மகளிடம் ஒன்று சேர்ந்திருந்தது.

அன்றிரவு எனக்கு வந்த எண்ணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நிம்மதி. "நாமதான் சேர்த்து வச்சிருக்கோமே!" என்று மனைவியிடம் சொன்னேன். துண்டறிக்கையில் தலசீமியா இருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில் முதல் வேலையாக அந்த நிறுவனத்துக்கு போன் செய்தேன். எடுத்த பெண் அன்பாகப் பேசினார், மாதிரி பத்திரமாக இருக்கிறது என்றார், எந்த மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

அந்த வாரமே சென்னையில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவரைப் பார்க்கப் போனோம். சேமிப்புச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் வேலை என்ன என்று கேட்டார். சொன்னேன். "கள்ள நோட்டு அடிக்கிற அச்சு ஒண்ணு இருக்குன்னு வைங்க சார். அதைக் கொண்டுபோய் லாக்கர்ல வச்சுட்டு அஞ்சு வருஷம் கழிச்சு எடுத்தா, நல்ல நோட்டா அடிக்கும்?" என்றார்.

இதைவிட எளிமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மகளின் நோய் பிறவியிலேயே அவளுடைய மரபணுவில் இருப்பது. அவளுடைய எலும்பு மஜ்ஜையில் என்ன பழுதோ, அதே பழுதுதான் அவள் கொடி ரத்தத்திலும். அதை அவளுக்கே திருப்பி ஏற்றினால் அதே நோய் மறுபடி முளைக்கும். அந்த 80 நோய்ப் பட்டியலில் பெரும்பங்கு இப்படிப்பட்ட பிறவி நோய்கள். அவற்றுக்குக் கொடி ரத்தம் உதவும் என்பது உண்மை. யாருடைய கொடி ரத்தம் என்பதைத்தான் அந்தத் தாள் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயிலும், அந்த நோயின் விதை பிறக்கும்போதே கொடி ரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதால், சொந்த ரத்தத்தை அதிகம் நம்ப முடியாது. அதோடு, மிச்சமிருக்கும் புற்றணுக்களைத் தேடி அழிக்கும் வேலையை அடுத்தவர் கொடுத்த அணுக்கள்தான் நன்றாகச் செய்யும்.

உலகத்தில் முதல் கொடி ரத்த மாற்று 1988-ல் பாரிஸில், எலியான் குளுக்மன் என்ற மருத்துவர் தலைமையில் நடந்தது. ஃபான்கோனி ரத்தசோகை என்ற பிறவி நோய் கொண்ட சிறுவனுக்கு ஏற்றியது புதிதாகப் பிறந்த அவன் தங்கையின் கொடி ரத்தம். இந்தச் சாதனையைத் துண்டறிக்கைகள் பெருமையாகப் போடுகின்றன. தங்கை மட்டும் விடுபட்டுவிடுகிறாள்.

எங்களுக்கும் வேறு வழி ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. உடன்பிறந்தவர்களுக்குள் முழுத் திசுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்பு. மூத்தவனுக்குப் பொருந்தியது. அவனும் தலசீமியா மைனர்தான், ஆனால் அப்படிப்பட்டவர்கள் மஜ்ஜையைத் தாராளமாகக் கொடுக்கலாம். பணம் திரட்டவும் அவன் கொஞ்சம் வளரவும் 2018 ஆயிற்று. அதுவரை மகளுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், 71 முறை. ஒரு முழுப் பையில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உடம்பில் இறங்கும், வெளியே போக வழியில்லை, அதை வடிக்கத் தினமும் மாத்திரை.

மாற்று சிகிச்சையை இங்கே விவரிக்கத் தேவையில்லை, நீங்கள் மருத்துவர்கள். ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. காற்றை வடிகட்டி அனுப்பும் கண்ணாடி அறையில் ஐந்து வயதுக் குழந்தை, தலைமுடி உதிர்ந்து, வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தாள். அண்ணனின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை சாதாரண ரத்தப் பை போலத்தான் தொங்கியது, சில மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அதன் பிறகு காத்திருப்பு. தினமும் காலையில் வெள்ளணு எண்ணிக்கை 0, 0, 0 என்று வந்தது. பதினேழாம் நாள் 600. என் மனைவி அந்த ரிப்போர்ட்டை இன்னும் பூஜை அறையில் வைத்திருக்கிறாள்.

ஆகவே குருத்தணு சிகிச்சைக்கு எதிராக நான் எழுதுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மகள் உயிரோடு இருப்பதே அண்ணனின் மஜ்ஜையில் இருந்த குருத்தணுக்களால்தான். வேலூர் சிஎம்சி 1986-லிருந்து இதைச் செய்துவருகிறது. அங்கேயே ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோய் கொண்ட ஐந்து பேருக்கு, அவர்களுடைய குருத்தணுக்களை எடுத்து மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றிய சிகிச்சையின் முடிவு 2024-ல் வெளியானது. படிக்கும்போது உடம்பு சிலிர்த்தது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் கருவிழி ஓரத்துக் குருத்தணுவால் பார்வை திரும்பியவர்கள் எத்தனையோ பேர். நிஜமான வைத்தியம் இது. அதன் பேரைச் சொல்லி வேறொன்றை விற்கும்போது தடுக்க வேண்டிய முதல் ஆள் நீங்கள் என்று நினைக்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பின்னாளில் தனக்கே பயன்படுத்திக்கொள்வதற்காகக் கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்கு அதன் சொந்த ரத்தமே பயன்படுவதற்கான வாய்ப்பு, முதல் இருபது வருஷத்தில், 2,500-ல் ஒன்று முதல் 2 லட்சத்தில் ஒன்று வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். கொடி ரத்த வங்கிக்கு உரிமம் இருக்கிறதே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இருக்கிறது. ரத்தத்தை ஒழுங்காகப் பதப்படுத்தி வைக்கிறார்களா என்று பார்த்துக் கொடுப்பது அது. அந்த ரத்தம் உங்களுக்கு வேண்டுமா என்று பார்த்துக் கொடுப்பதில்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையை யாரும் செய்யக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பொடி எழுத்துப் பத்தியை நம்பிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு அதை யார் போய்ச் சொல்வது?

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம்.

மகளுக்கு நோய் தெரிந்தபோது சென்னை மருத்துவர் மனைவியின் கர்ப்பகாலக் கோப்பைக் கேட்டார். கொண்டுபோனேன். 2012-ல் எடுத்த சாதாரண ரத்த அறிக்கையில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். ஹீமோகுளோபின் 10.2. எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 64. சிவப்பணு 52 லட்சம். "ரத்தம் கம்மி, ஆனா அணு எண்ணிக்கை இவ்வளவு இருக்கு, அணு ஒவ்வொண்ணும் பொடிசு. இரும்புச்சத்துக் குறைவுன்னா எண்ணிக்கையும் குறைஞ்சிருக்கும். இதைப் பார்த்தாலே மைனரான்னு சந்தேகம் வந்திருக்கணும்" என்றார். எங்களுக்கு இரும்பு மாத்திரை எழுதித் தந்திருந்தார்கள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோதும் அதே மாத்திரைதான். கோப்பின் முதல் பக்கத்தில் "சொந்தத்தில் திருமணமா?" என்ற கேள்விக்கு நேராக "ஆம், அத்தை மகள்" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. எழுதியதோடு சரி.

மைனரா என்று காட்டும் ஹெச்பிஎல்சி, சில நூறு ரூபாயில் முடியும் பரிசோதனை. மனைவிக்கு எடுத்து, மைனர் என்று வந்தால் எனக்கும் எடுத்து, இருவரும் மைனர் என்றால் கருவில் உள்ள குழந்தைக்கு நாலில் ஒரு வாய்ப்பு என்று எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லாத மேசையில், அறுபதாயிரம் ரூபாய்த் துண்டறிக்கைக்கு இடம் இருந்தது.

தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்பீர்கள். எனக்கே பதில் தெரியாது. அவளைப் பெறாமல் இருந்திருப்போமா என்ற கேள்வியை, மாடியில் அவள் பாடிக்கொண்டே துணி காயப்போடும் சத்தம் கேட்கும் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. ஆனால் அவள் வெளுத்துக்கொண்டே போனதை நிறம் என்று மெச்சியிருக்க மாட்டோம். அறுபதாயிரத்தை மாற்று சிகிச்சைக்கு எடுத்து வைத்திருப்போம். முடிவு எடுக்கும் வாய்ப்பாவது எங்கள் கையில் இருந்திருக்கும்.

தலசீமியா வடநாட்டு நோய், சிந்திக்காரர்களுக்கும் பஞ்சாபிகளுக்கும் வருவது என்று உங்களில் சிலர் இன்னும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அங்கே அதிகம் என்பது உண்மைதான். ஆனால் தலசீமியா போன்ற ஹீமோகுளோபின் கோளாறுகளுக்கு நம் மண் புதிதில்லை. அரிவாளணு ரத்தசோகையின் மரபுக்கூறு இந்தியாவில் முதன்முதலில் 1952-ல் கண்டறியப்பட்டது நீலகிரி மலைப் பழங்குடிகளிடம்தான். தலசீமியா மேஜரோடு இந்த நாட்டில் வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் குழந்தைகள் பிறக்கின்றன. சொந்தத்தில் கட்டும் பழக்கம் நம் ஊரில் எவ்வளவு என்று உங்கள் கோப்புகளைப் புரட்டினாலே தெரியும். கர்ப்பிணிகளை ஆரம்ப மாதங்களிலேயே இதற்காகப் பரிசோதிக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. என் மனைவி உங்களிடம் வந்தபோது அது வந்திருக்கவில்லை, அந்த ஒரு நியாயத்தை உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். இன்றைக்கு அந்த நியாயம் கிடையாது. எம்சிவி 80-க்குக் கீழ் இருந்தால் மாத்திரை எழுதும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள். அந்த எண் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, புதிதாக ஊசிகூடக் குத்த வேண்டாம்.

துண்டறிக்கையை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். நோயாளியின் செல்போன் எண் உங்கள் வரவேற்பறையைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களில் யார் கமிஷன் வாங்கினார், யார் வாங்கவில்லை என்று நான் விசாரிக்க வரவில்லை. நோயாளியைப் பரிந்துரைத்ததற்காக எதையும் வாங்கக் கூடாது என்று மருத்துவர்களுக்கான 2002 நன்னடத்தை விதிகளில் பிரிவு 6.4 இருக்கிறது, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாராவது பெற்றோர் தாமாக வந்து கேட்டால் ஐந்து நிமிடம் ஒதுக்கி உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே தலசீமியா மாதிரி நோயோடு ஒரு குழந்தை இருந்து, இப்போது அடுத்தது பிறக்கப்போகிறது என்றால், அந்தக் கொடி ரத்தத்தைக் கட்டாயம் சேமிக்கச் சொல்லுங்கள். அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. மற்றவர்களுக்கு, அந்த ரத்தம் கொஞ்சம் கூடுதலாகக் குழந்தைக்குள்ளேயே போகட்டும். பிறந்ததும் ஒரு நிமிடமாவது பொறுத்துக் கொடியை வெட்டினால் குழந்தைக்கு முதல் சில மாதங்களுக்கான இரும்பு கிடைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேர் ரத்தசோகையோடு இருக்கும் தமிழ்நாட்டில், அந்த ரத்தத்தைப் பையில் பிடித்துத் தொட்டியில் போட்டுவைக்க நமக்கு அப்படி என்ன அவசரம்?

காலியான இடத்தில் ஏதாவது வைக்க வேண்டும் என்றால், குருத்தணு தானத்துக்குப் பெயர் பதிவு செய்யும் படிவத்தை வையுங்கள். உலகம் முழுக்க நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் சென்னையிலிருந்தே தாத்ரி என்ற அமைப்பு 2009 முதல் இதைச் செய்துவருகிறது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும், காசு கிடையாது. மனைவிக்குத் துணையாக வந்து மணிக்கணக்கில் உங்கள் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும் கணவன்மார்களுக்கு அது உருப்படியான வேலை. நானும் பதிந்திருக்கிறேன்.

மகள் இப்போது எட்டாம் வகுப்பு. மாத்திரை எல்லாம் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. பிறந்தபோது பி பாசிட்டிவ். அண்ணனுடைய மஜ்ஜை பிடித்துக்கொண்ட பிறகு அவனைப் போலவே ஓ பாசிட்டிவ் ஆகிவிட்டாள். பள்ளி அடையாள அட்டையில் ரத்தப் பிரிவை மாற்றக் கேட்டுப் போனேன். "ரத்த குரூப் எப்படி சார் மாறும்? முன்னாடி தப்பா எழுதியிருப்பீங்க" என்று கிளார்க் சிரித்தார்.

சேமிப்பை ரத்து செய்யச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். கட்டிய பணம் திரும்ப வராது, ஒப்பந்தம் 2034 வரை என்று பதில் வந்தது. பி பாசிட்டிவ் ரத்தம் ஒரு பை, மகளின் பெயர் ஒட்டி, இன்னும் அந்தத் தொட்டியில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
திருச்சி மாவட்டம்.